பல் மட்டும் மிஞ்சிய குலம்

இத்தொடரின் சென்ற பகுதி, தலையையும் மார்பையும் எலும்புத் தகடுகளால் மூடிக்கொண்டு வாழ்ந்த தாடையற்ற மீன்களின் வரலாற்றோடு நின்றது. அம்மீன்களுக்குக் கவசம் இருந்தது, பல் இல்லை. அவற்றுக்கு முன்பே தோன்றி, அவை அழிந்த பின்னரும் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த மற்றொரு தாடையற்ற குலத்தின் அமைப்போ இதற்கு நேர்மாறானது. அதன் உடம்பில் எலும்பு என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. கெட்டிப்பட்டிருந்தவை வாய்க்குள் அமைந்த கூரிய, பல் போன்ற உறுப்புகள் மட்டுமே. கோனோடோன்டுகள் என்று அழைக்கப்படும் இவ்வுயிர்கள் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தின் பிற்பகுதியில், கடலில் தலைகாட்டி, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலம் முடிந்தபோது மறைந்தன. பறவைகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், டைனோசர்கள் வாழ்ந்த முழுக் காலமும் இந்த முப்பது கோடி ஆண்டுகளில் பாதியைச் சற்றே மிஞ்சும். இவ்வளவு நெடுங்காலம் உலகக் கடல்களெங்கும் பரவியிருந்த ஒரு குலத்தின் உடல் எப்படி இருந்தது என்பது, அதன் பற்கள் முதன்முதலாக விவரிக்கப்பட்டு 127 ஆண்டுகள் கழிந்த பின்னரே அச்சில் வெளிவந்தது.

அப்பற்களை முதலில் விவரித்தவர் கிறிஸ்டியான் ஹைன்ரிக் பான்டர். 1794-இல் ரிகா நகரில் பிறந்த இவர், தம் இளமையிலேயே அறிவியல் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றுவிட்டவர். ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில், அடைகாக்கும் கோழி முட்டைகளை அடுத்தடுத்த நேரங்களில் உடைத்து ஆராய்ந்து, கருவின் உறுப்புகள் யாவும் மூன்று திசு அடுக்குகளிலிருந்தே உருவாகின்றன என்னும் கருவியலின் அடிப்படை உண்மைக்கு 1817-இல் வித்திட்டவர். பிற்காலத்தில் ரஷ்யப் பேரரசின் சுரங்கத் துறையில் பணியேற்றுப் புனித பீட்டர்ஸ்பர்கில் வாழ்ந்தபோது, பால்டிக் கரையோர மாகாணங்களின் பழம்பாறைகளில் கிடைத்த மீன் எச்சங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி 1856-இல் வெளியிட்டார். இன்று ஆர்டோவீசியன் என்று வகுக்கப்படும் காலத்துப் படிவுகளிலிருந்து அவர் பிரித்தெடுத்த மிகச் சிறிய, பளபளப்பான கூம்புகளும் சீப்பு வடிவத் துண்டுகளும் அந்நூலின் படத்தகடுகளில் பக்கம் பக்கமாக இடம்பெற்றன. அவற்றைக் குறுக்காகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்த பான்டர், அவை மெல்லிய அடுக்குகளால் ஆனவை என்பதைக் கண்டு, இதுவரை அறியப்படாத ஏதோ ஒரு மீன் குலத்தின் பற்கள் என்று தீர்ப்பளித்தார். அவருடைய முடிவு பெருமளவு சரியானது. அம்முடிவுக்கு அவரைக் கொண்டுசென்ற காரணம் தவறானது. கோனோடோன்ட் ஆய்வின் நீண்ட வரலாறு முழுவதும் இந்த முரணை அவிழ்ப்பதிலேயே கழிந்தது எனலாம்.

பான்டர் கையாண்ட பொருட்கள் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை நீளமுள்ளவை, அதாவது பலவும் கடுகைவிடச் சிறியவை. சில, வளைந்த ஒற்றைக் கூம்புகள். சில, நடுவில் ஒரு பெரிய கூர்முனையும் அதன் இருமருங்கிலும் சிறு முனைகளின் வரிசையும் கொண்ட சீப்புகள். வேறு சில, மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாக அமைந்து அரைப்பதற்கு ஏற்ற தட்டையான மேடைகள். எல்லாமே கால்சியம் பாஸ்பேட்டால், குறிப்பாக அபடைட் என்னும் கனிமத்தால் ஆனவை. முதுகெலும்பிகளின் எலும்பிலும் பல்லிலும் உள்ளதும் இதே வகைக் கனிமம்தான். ஆனால் மீன் பற்களோடு வழக்கமாகக் கிடைக்கும் தாடை, செதில், முள் ஆகியவற்றில் ஒன்றுகூட இவற்றோடு சேர்ந்து கிடைப்பதில்லை என்பதே பான்டரின் கருத்தை ஏற்கத் தயங்கியவர்களின் வலுவான வாதமாக இருந்தது.

அத்தயக்கம் விரைவில் ஒரு பெரும் கருத்துச் சந்தையாக மாறியது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன், ஓடற்ற மெல்லுடலிகள் அல்லது வளைதசைப் புழுக்களின் கொக்கிகளோடு இவற்றை ஒப்பிட்டார். ஜெர்மனியில் சிட்டெலும் ரோஹோனும் 1886-இல் இவற்றைப் புழுக்களின் தாடைகள் என்று உறுதிபடக் கூறினர். அமெரிக்காவின் நியூபெரி, இன்றும் வாழும் தாடையற்ற மீன்களான லாம்ப்ரே, ஹாக்மீன் ஆகியவற்றின் பற்களை நினைவுபடுத்துவதாகக் கருதினார். அடுத்த நூற்றாண்டிலும் இப்பட்டியல் நீண்டு, ஓடுடைய கணுக்காலிகள், அம்புப்புழுக்கள் என்று விலங்குலகின் ஏறத்தாழ எல்லாப் பெரும் பிரிவுகளையும் தொட்டு, ஒரு கட்டத்தில் தாவரங்கள் வரைகூடச் சென்றது. நியூபெரியின் ஒப்பீடு எவ்வளவு கூர்மையானது என்பதை இன்றைய அறிவோடு திரும்பிப் பார்க்கும்போது வியப்பே மேலிடுகிறது; ஆயினும் அவர் காலத்தில் அது பல ஊகங்களில் ஒன்றாகவே நின்றது.

எந்த விலங்கின் பற்கள் என்று தெரியாத நிலையிலேயே அவற்றுக்கு ஒரு பெரும் பயன் கண்டறியப்பட்டது. 1926-இல் அமெரிக்கர்களான உல்ரிக்கும் பாஸ்லரும், கிழக்கு அமெரிக்காவின் கரும் களிப்பாறைகளில் வேறு தொல்லுயிர் எச்சங்கள் மிக அரிதாக இருக்க, கோனோடோன்டுகள் ஏராளமாகக் கிடைப்பதையும், ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய வடிவங்கள் இருப்பதையும் கண்டு, பாறை அடுக்குகளின் வயதை வரிசைப்படுத்த அவற்றைப் பயன்படுத்தினர். ஓர் உயிரினம் விரைவாக மாறிக்கொண்டும், கடல் முழுவதும் பரவியும், எண்ணிக்கையில் மிகுந்தும் இருந்தால், அதன் ஒவ்வொரு வடிவமும் குறிப்பிட்ட ஒரு குறுங்காலத்தின் அடையாளமாகிவிடும். அத்தகைய உயிர்களைச் சுட்டுப்படிவங்கள் என்பர். கோனோடோன்டுகள் இம்மூன்று தகுதிகளையும் ஒருங்கே பெற்றிருந்தன. 1930-களில் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் பிரான்சனும் மெலும் நூற்றுக்கணக்கான வடிவங்களைப் பெயரிட்டு விவரித்தனர். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில், மார்புர்க் நகரை மையமாகக் கொண்டு வில்லி சீக்லர் முதலானோர் டெவோனியன் காலத்தை இவற்றின் துணையோடு மிக நுண்ணிய உட்பிரிவுகளாகப் பகுத்தனர்.

இப்பணி பெருகியதற்கு ஓர் எளிய வேதியியல் உண்மை காரணமாயிற்று. சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது, மென்மையான அமிலத்திலும் கரைவது. கோனோடோன்டின் பாஸ்பேட்டோ அதே அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. எனவே, நில ஆய்வாளர் மலைச்சரிவிலிருந்து சில கிலோ சுண்ணாம்புக்கல்லை உடைத்து எடுத்துவந்து, சிறு துண்டுகளாக்கி, வினிகரில் உள்ள அதே அசெட்டிக் அமிலத்தை நீரில் கலந்து ஒரு வாளியில் ஊற்றி அதில் அமிழ்த்தி வைக்கிறார். கல் நுரைத்து, குமிழிட்டு, நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், சிறிது சிறிதாகக் கரைந்து போகிறது. அடியில் தங்கும் சேற்றை நுண்சல்லடையில் கழுவி, உலர்த்தி, நீரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தியுள்ள ஒரு கனதிரவத்தில் கொட்டினால், இலேசான மணல்துகள்கள் மிதக்க, பாஸ்பேட் துகள்கள் மூழ்கிவிடும். அம்மூழ்கிய பொடியைக் கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ், ஈரமாக்கிய மிக மெல்லிய தூரிகையின் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எடுக்க வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் பொறுமைக்கும் பெருஞ்சோதனையான இவ்வேலையை உலகெங்கும் ஆயிரக்கணக்கான மாணவர்களும் ஆய்வக உதவியாளர்களும் செய்திருக்கின்றனர்; அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

அமிலத்தில் கரைத்தெடுக்கும் முறைக்கு ஒரு குறையும் உண்டு. விலங்கு இறந்து உடல் அழுகியதும் பற்கள் சிதறிவிடுகின்றன. கல்லைக் கரைக்கும்போது மிச்சமிருந்த ஒழுங்கும் குலைந்துவிடுகிறது. எனவே, பல்வேறு வடிவங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி இனமாகவே பெயர் பெற்று வந்தன. 1934-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்மிட்டும் அமெரிக்காவின் மொன்டானாவில் ஹரால்டு ஸ்காட்டும், தனித்தனியே, களிப்பாறையின் பிளந்த பரப்பில் பல வடிவப் பற்கள் இடம் வலமாகச் சீரோடு அமைந்து கிடப்பதைக் கண்டு அறிவித்தனர். வேறு வேறு இனங்கள் என்று கருதப்பட்டவை ஒரே விலங்கின் வாயில் ஒருங்கே இருந்தவை என்பது தெளிவாயிற்று. ஆனால் ஒத்த சான்றை வைத்துக்கொண்டு ஷ்மிட் மீன் என்றார், ஸ்காட் புழு என்றார். பழக்கத்தின் வலிமை பெரிது. பாறையின் வயதைக் கணிப்பதற்குத் தனிப்பல்லின் பெயரே போதுமானதாக இருந்ததால், ஒரு வாயின் எல்லாப் பற்களையும் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவரும் வகைப்பாடு 1960-களில்தான், வால்லிசர், பெர்க்ஸ்ட்ரோம், ஸ்வீட் ஆகியோரின் பணியால், வேரூன்றத் தொடங்கியது.

அப்பணியின்படி, மிகுதியாக ஆராயப்பட்ட ஒரு பெரும் பிரிவில் ஒரு வாய்க்கு 15 உறுப்புகள் இருந்தன. முன்பகுதியில் நீண்ட முனைகளைக் கொண்ட 11 உறுப்புகள் கூடை போல் விரிந்து இரையைப் பற்றின. அவற்றுக்குப் பின்னே, தொண்டையை ஒட்டி, எதிரெதிராக அமைந்த இரண்டு இணைகள் பற்றிய இரையை வெட்டவும் அரைக்கவும் செய்தன. இவற்றின் வளர்ச்சிமுறையை ஆராய்ந்த ஜெர்மானியரான வால்ட்டர் கிராஸ் 1950-களில் முக்கியமான ஓர் உண்மையை நிறுவினார். மனிதப் பல்லில் உட்புறமான டென்டைன் என்னும் திசு உள்நோக்கியே தடிக்கிறது. முளைத்து வெளிவந்த பல்லின் மேல் புதிய பற்சிப்பி படிவதில்லை. கோனோடோன்டிலோ அடுக்குக்கு மேல் அடுக்காக வெளிப்புறத்திலேயே கனிமம் படிந்திருக்கிறது. அப்படியானால் வளரும் நேரத்திலாவது அதை மென்மையான திசு முழுமையாகப் போர்த்தியிருக்க வேண்டும். திசு போர்த்திய ஒன்று எப்படிக் கடிக்கும் என்ற கேள்வியால் கிராஸ் உட்படப் பலரும் இவற்றைப் பற்கள் என்று ஏற்க மறுத்தனர். இரையைச் சலித்தெடுக்கும் மென்மயிர்களைத் தாங்கிய உள்தூண்கள் என்ற கருத்து வலுப்பெற்றது.

இதற்கிடையே, அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றிய அனிட்டா எப்ஸ்டைன், பின்னாளில் அனிட்டா ஹாரிஸ் என்று அறியப்பட்டவர், எவரும் பொருட்படுத்தாத ஒன்றைக் கவனித்தார். அப்பலாச்சியன் மலைப்பகுதியில் சில இடத்துக் கோனோடோன்டுகள் வெளிர்மஞ்சளாகவும், வேறு இடத்தவை பழுப்பாகவும், இன்னும் சில கறுப்பாகவும் இருந்தன. பல்லின் அடுக்குகளுக்கிடையே சிக்கியிருக்கும் கரிமப்பொருள், பாறை புதைந்து சூடேற ஏறக் கருகுவதே இதற்குக் காரணம் என்று ஊகித்த அவர், பற்களை உலையிலிட்டு வெவ்வேறு வெப்பநிலைகளில் வெவ்வேறு கால அளவுகளுக்குச் சூடாக்கி, அதே நிற வரிசை தோன்றுவதை மெய்ப்பித்தார். 1977-இல் இரு சக ஆய்வாளர்களோடு அவர் வெளியிட்ட நிறமாற்ற அளவுகோலில், வெளிர்மஞ்சளான முதல் நிலை சுமார் 80 டிகிரி செல்சியசைத் தாண்டாத பாறையையும், கறுப்பான ஐந்தாம் நிலை 300 டிகிரியைக் கடந்த பாறையையும் குறிக்கும். கறுநிறம் ஒருபோதும் பின்வாங்கி மஞ்சளாவதில்லை என்பதால், ஒரு பாறை தன் வாழ்நாளில் அடைந்த உச்ச வெப்பத்தை அப்பல் காட்டிக்கொண்டே இருக்கும். மிகக் குறைந்த வெப்பத்தில் பெட்ரோலியம் உருவாகாது, மிக உயர்ந்த வெப்பத்தில் அது நிலைக்காது. எனவே ஒரு தட்டில் நான்கைந்து பற்களை வைத்துப் பார்த்தே, அவ்விடத்தில் துளையிடுவது பயன்தருமா என்று எண்ணெய் நிறுவனங்கள் முடிவெடுக்க முடிந்தது. விலங்கின் உருவம் தெரியாமலே அதன் பல்லின் நிறத்தால் ஒரு தொழில்துறை பெரும்பயன் அடைந்தது அறிவியல் வரலாற்றில் அரிய நிகழ்வு.

உடலைக் கண்டுவிட்டதாக எழுந்த அறிவிப்புகளும் உண்டு. மொன்டானாவின் பேர் கல்ச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வில்லியம் மெல்டன் எடுத்த சில மென்னுடல் படிவங்களின் உள்ளே கோனோடோன்டுகள் இருப்பதை 1969-இல் சிகாகோவில் கூடிய தொல்லுயிரியல் மாநாட்டில் அறிவித்தபோது பெரும் பரபரப்பு உண்டாயிற்று. 1934-இல் புழு என்று கூறிய அதே ஸ்காட்டும் அவரோடு சேர்ந்து 1973-இல் விரிவாக எழுதினார். ஆனால் பற்கள் தலையில் இல்லை, வயிற்றுப் பகுதியில் இருந்தன. அவையும் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்தவை. அகப்பட்டது கோனோடோன்ட் அல்ல, கோனோடோன்டுகளைத் தின்று செரித்துக்கொண்டிருந்த வேறொரு விலங்கு. டைஃப்லோசஸ் எனப் பெயர் பெற்ற அது என்ன விலங்கு என்ற கேள்விக்கு, அது மெல்லுடலியாக இருக்கலாம் என்ற விடை 2022-இல்தான் முன்வைக்கப்பட்டது. சைமன் கான்வே மாரிஸ் 1976-இல் கனடாவின் பர்ஜஸ் களிப்பாறையிலிருந்து விவரித்த ஓடான்டோகிரிஃபஸ் என்னும் தட்டையான உயிரும் சில காலம் கோனோடோன்டின் உறவினராகப் பேசப்பட்டு, பின்னர் மெல்லுடலிகளின் பக்கம் போய்ச் சேர்ந்தது.

உண்மையான உடல், வெகுகாலத்துக்கு முன்பே கண்டெடுக்கப்பட்டு, எடின்பரோ நகரில் நிலவியல் அளவைத் துறையின் சேகரிப்பு இழுப்பறை ஒன்றில் கிடந்தது. எடின்பரோவுக்கு அருகே கிரான்டன் கடற்கரையில், கார்பானிஃபெரஸ் காலத்து இறால் வகைகள் மிகுந்த மெல்லிய பாறையடுக்கு ஒன்று உண்டு. சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அவ்வடுக்கின் கற்பலகைகள் 1920-களில் சேகரிக்கப்பட்டவை. 1982-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் யூவன் கிளார்க்சன் இறால்களை ஆராய்வதற்காக அப்பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இறாலல்லாத ஒரு நீண்ட புழுவடிவத் தடம் அவர் கண்ணில் பட்டது. நீளம் சுமார் 40 மில்லிமீட்டர், அகலம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு முனையில், நுண்ணோக்கியில் மட்டுமே தெளிவாகத் தெரியும் அளவில், கோனோடோன்ட் உறுப்புகளின் ஒரு தொகுதி தான் இருக்க வேண்டிய இடத்திலேயே, தலையின் அடிப்புறத்தில், அமைந்திருந்தது. மறுமுனையில் மெல்லிய கதிர்கள் தாங்கிய வால்துடுப்பு இருந்தது. இடைப்பட்ட உடலில் வரிசையாக வளைந்த தசைத்துண்டங்களின் தடம் படிந்திருந்தது. கிளார்க்சன், டெரெக் பிரிக்ஸ், கோனோடோன்ட் வல்லுநரான ரிச்சர்ட் ஆல்ட்ரிட்ஜ் ஆகிய மூவரும் 1983-இல் இதை வெளியிட்டனர். பின்னர் அதே அடுக்கிலிருந்து மேலும் படிவங்கள் அடையாளம் காணப்பட்டு, 1993-க்குள் எண்ணிக்கை பத்தாயிற்று.

பத்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தபோது உடலமைப்பு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. தலையின் இருபுறமும் பெரிய கண்களின் தடம். முதுகோரமாக உடல் நெடுக ஓடும் முதுகுநாண், அதாவது முதுகெலும்பு தோன்றுவதற்கு முன்பு உடலைத் தாங்கிய நெகிழ்வான தண்டு. அதன் இருபுறமும், மீன் கறியில் காணும் மடிப்புகளைப் போல, V வடிவத்தில் அடுக்கிய தசைகள். இவை புழுவிலோ மெல்லுடலியிலோ ஒருங்கே அமைவதில்லை. 1987-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வாகேஷா பகுதியில் கிடைத்த சைலூரியன் காலத்து உடல் ஒன்று இன்னொரு கோனோடோன்ட் பிரிவின் சான்றாக விவரிக்கப்பட்டது. அதற்குப் பான்டரின் நினைவாக முன்பே இடப்பட்டிருந்த பெயர் பான்டரோடஸ்.

இவற்றிலெல்லாம் வியப்பூட்டுவது தென்னாப்பிரிக்கக் கண்டுபிடிப்பே. அங்கே கேப் பகுதியின் சூம் களிப்பாறையில், சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆர்டோவீசியன் காலத்தின் இறுதியில், பனியாறுகள் உருகிய குளிர்ந்த நீரில் படிந்த சேற்றில், பிரமிசம் புல்க்ரம் என்ற ஒரு படிவம் கிடைத்து, 1986-இல் மிகத் தொன்மையான நிலத்தாவரமாக விவரிக்கப்பட்டது. 1990-இல் தெரோன், ரிக்கார்ட்ஸ், ஆல்ட்ரிட்ஜ் மூவரும் அது தாவரமன்று, மிகப்பெரிய ஒரு கோனோடோன்டின் பற்தொகுதி என்று காட்டினர். அதில் 15-க்குப் பதிலாக 19 உறுப்புகள் இருந்தன. 1995-இல் சாரா காபட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு படிவத்தில் உடல் தசையின் நார்களும், கண்ணை அசைக்கும் தசைகளும்கூடக் கனிமமாக மாறிப் பிழைத்திருந்தன. விலங்கின் முழு நீளம் சுமார் 40 சென்டிமீட்டர் இருந்திருக்கும் என்று கணக்கிட்டனர். கண்ணைத் திருப்பும் தனித் தசைகள் முதுகெலும்பிகளுக்கே உரியவை என்பதால், கோனோடோன்டுகளை முதுகெலும்பிகளின் வட்டத்துக்குள் கொண்டுவந்த சான்றுகளில் இது மிக வலுவானது. சதை அழுகிப் போவதே இயல்பாக இருக்க, எலும்பே இல்லாத ஓர் உயிரின் கண்தசை நாற்பத்துநான்கு கோடி ஆண்டுகள் கடந்து மனிதர் கண்ணுக்குத் தெரிவது, தொல்லுயிரியல் தந்த மாபெரும் கொடைகளுள் ஒன்று.

உடல் கிடைத்ததும் பற்களின் பயன்பாடு பற்றிய பழைய வழக்கும் முடிவுக்கு வந்தது. மார்க் பர்னெல் 1995-இல் மின்னணு நுண்ணோக்கியால் கோனோடோன்டுகளின் மேற்பரப்பை ஆராய்ந்து, கடினமான உணவை வெட்டியதாலும் நசுக்கியதாலும் விழுந்த கீறல்களையும் தேய்மானத்தையும் காட்டினார். சலித்து உண்ணும் உறுப்பில் அத்தகைய தேய்மானம் ஏற்பட வழியில்லை. கிராஸ் எழுப்பிய புதிருக்கும் விடை கிடைத்தது. பல் சில காலம் திசுவுக்குள் ஒடுங்கி வளர்ந்து, தேய்ந்த முனையைப் புதுப்பித்துக்கொண்டு, பின் மீண்டும் வெளிப்பட்டு வேலை செய்திருக்க வேண்டும். சில இனங்களில் வலப் பல்லும் இடப் பல்லும் ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு பொருந்துமாறு அமைந்து, பாலூட்டிகளின் கடைவாய்ப் பற்களுக்கு இணையான துல்லியத்தோடு அரைத்தன. இரையைத் தாடையால் அழுத்தும் வலிமை இல்லாத குறையைக் கூர்மையால் ஈடுசெய்த இனங்களும் உண்டு. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வுர்மியெல்லா என்னும் இனத்தின் பல்முனை சுமார் 2 மைக்ரோமீட்டர் அளவே இருந்ததாகவும், அளக்கப்பட்ட பற்களிலேயே அதுவே மிகக் கூர்மையானது என்றும் கூறியது. தாடையின்றி இவை எவ்வாறு இயங்கின என்பதற்கு, 2011-இல் டிரையாசிக் காலத்துப் பற்தொகுதி ஒன்றைச் சிங்க்ரோட்ரான் கதிர்களால் முப்பரிமாணத்தில் படமெடுத்த ஆய்வு, லாம்ப்ரே, ஹாக்மீன் ஆகியவற்றின் நாக்கில் உள்ளதைப் போன்ற, குருத்தெலும்பின் மேல் முன்னும் பின்னும் இழுபடும் கப்பி அமைப்பை விடையாக முன்வைத்தது.

இந்நிலையில் பான்டர் முற்றிலும் வென்றுவிட்டார் என்றே 1990-களில் பலர் கருதினர். 1992-இல் ஐவன் சான்சம் முதலானோர் கோனோடோன்டின் உட்புறத் திசுக்களில் எலும்பின் செல்களையும் பற்சிப்பியையும் ஒத்த அமைப்புகள் இருப்பதாக அறிவித்ததும், மனிதர் வாயிலுள்ள பல்லின் தொடக்கமே இதுதான் என்ற எண்ணம் பரவியது. இது உண்மையாயின், முதுகெலும்பிகள் உடற்கவசத்துக்கு முன்பே பல்லைப் பெற்றன என்றாகும். ஆலன் பிளியெக், சூசன் டர்னர் உள்ளிட்ட ஒரு குழுவினர் இதைக் கடுமையாக மறுத்து, கோனோடோன்டுகள் முதுகெலும்பிகளே அல்ல என்று 2010-இல் எழுதினர். வாதம் தனிமனிதர் மீதான கசப்பாகச் சில இடங்களில் திரும்பியதும் உண்டு; எனினும் அம்மறுப்பு, திசுக்களை இன்னும் கவனமாகப் பார்க்குமாறு இருதரப்பையும் தூண்டியது என்ற வகையில் நன்மையே செய்தது. 2013-இல் டங்கன் மர்டாக், பிலிப் டோனகியூ முதலானோர் சிங்க்ரோட்ரான் படங்களின் துணையோடு, கோனோடோன்ட் பற்களின் முன்னோடிகளான எளிய கேம்பிரியன் காலத்து வடிவங்களை வரிசைப்படுத்தி ஆராய்ந்தனர். பற்சிப்பி போல் தோன்றும் மேலடுக்கு அம்முன்னோடிகளில் இல்லை. கோனோடோன்ட் மரபுக்குள்ளேயே, பின்னர், தனியாகத் தோன்றியது. எனவே மனிதப் பல்லுக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை, ஒரே தேவைக்கு இருவேறு மரபுகள் கண்டறிந்த ஒத்த தீர்வே தவிர, ஒரே மூதாதையிடமிருந்து வந்த உடைமை அன்று. பான்டர் பல்லைப் பார்த்து மீன் என்றார். விலங்கு மீன்களின் உறவுதான், ஆனால் அப்பல் மீனின் பல் இல்லை.

இன்று கோனோடோன்டுகளின் பெயர் நில வரலாற்றின் எல்லைக்கற்களில் பதிந்திருக்கிறது. உலக நிலவியலாளர் ஏற்றுக்கொண்ட கால எல்லைகள் ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஒரு பாறைவெட்டில் ஒரு குறிப்பிட்ட புள்ளி சான்றாகக் குறிக்கப்படுகிறது. ஆர்டோவீசியன் காலத்தின் தொடக்கம், நியூஃபவுண்ட்லாந்தின் கிரீன் பாயின்ட் கடற்கரையில் ஒரு கோனோடோன்ட் இனம் முதன்முதலாகத் தோன்றும் அடுக்கில் குறிக்கப்பட்டது. கடல்வாழ் இனங்களில் மிகப் பெரும்பான்மையை அழித்த பெர்மியன் இறுதிப் பேரழிவை ஒட்டிய டிரையாசிக் தொடக்க எல்லையும், சீனாவின் ஜெஜியாங் மாகாணத்து மெய்ஷான் கல்வெட்டுக்குழியில், ஹின்டியோடஸ் பார்வஸ் என்னும் கோனோடோன்ட் முதலில் தோன்றும் அடுக்கில் 2001-இல் உறுதி செய்யப்பட்டது. இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. ஸ்ரீநகருக்கு அருகே குரியூல் பள்ளத்தாக்கில் பெர்மியன், டிரையாசிக் காலங்களின் பாறைகள் ஏறத்தாழ இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் கோனோடோன்டுகளை வால்ட்டர் ஸ்வீட் 1970-இல் விவரித்தார். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில், பின் பள்ளத்தாக்கின் முத் ஊர்ப் பாறைவெட்டு, டிரையாசிக் காலத்தின் ஒலெனெக்கியன் என்னும் உட்பிரிவுக்கு உலக எல்லைப்புள்ளியாக முன்மொழியப்பட்டது. காஷ்மீரப் பாறைவெட்டு சிமென்ட்டுக்காகக் கல்லெடுக்கும் இடங்களுக்கு அண்மையில் இருப்பதால், அதைக் காப்பது இந்நாட்டின் கடமையாகிறது. அழிந்த எல்லைப்பாறையை எந்த அருங்காட்சியகத்தாலும் மீண்டும் உருவாக்க இயலாது.

அப்பேரழிவையும் கோனோடோன்டுகள் கடந்தன. தென்சீனாவின் டிரையாசிக் தொடக்கக் காலத்து அடுக்குகளில் கிடைத்த அவற்றின் பற்களிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தை, 2012-இல் அளந்த ஆய்வாளர்கள், நிலநடுக்கோட்டுப் பகுதியின் கடல்மேற்பரப்பு அப்போது 40 டிகிரி செல்சியசை எட்டியிருக்கக்கூடும் என்று கணித்தனர். மீன்களே அரிதாகிப்போன அக்கொதிநீரில் உருவம் சிறுத்தேனும் பிழைத்த குலம், டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், பேரழிவு ஏதும் நேருவதற்கு முன்னரே, மெல்ல மெல்ல இனங்களை இழக்கத் தொடங்கியது. அட்லாண்டிக் பெருங்கடல் பிளக்கத் தொடங்கியபோது பொங்கிய எரிமலைக் குழம்பும் அதனோடு வந்த வெப்பமும் கடல்நீரின் அமிலத்தன்மையும் 20 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன், மிஞ்சியிருந்த சில இனங்களையும் துடைத்தன.

கோனோடோன்டுகளின் நேர்வழித்தோன்றல் எதுவும் இன்று இல்லை. ஆயினும் அண்மைக் காலப் பகுப்பாய்வுகள், குறிப்பாக 2019-இல் லெபனானின் கிரெட்டேசியஸ் காலத்து ஹாக்மீன் ஒன்றை விவரித்த மியாஷிதா முதலானோரின் ஆய்வு, இவற்றை ஹாக்மீன், லாம்ப்ரே ஆகிய இரண்டும் கிளைத்த மரபின் அடித்தண்டில் வைக்கின்றன. நியூபெரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுட்டிய உறவும் அதுவே. கனிமப் பல்லைக் கைவிட்டு, நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன பற்களோடு, தாடையின்றியே இன்றுவரை உயிர்வாழும் அவ்விரு குலங்களின் வரலாறு அடுத்த பகுதியில் தொடரும்.